டின் பாலும் வைத்தியர் வாக்கும்

வேதவாக்கைச் சந்தேகிக்கத் துணிந்தவர்களும் வைத்தியர் வாக்கைச் சந்தேகிப்பதில்லை. அவ்வாக்கின் பின்னால் எவருடைய பணமாவது நிற்கிறதா என்று கேட்பதே மரியாதைக் குறைவென நம்மவர்கள் எண்ணுகிறார்கள். அக்கேள்வி எவ்வளவு அவசியமானது என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு சரித்திரம் உண்டு.

1939-ம் வருஷம் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் கூடிய சபையில், ஒரு மாது பேச எழுந்தார். அவர் சிசிலி வில்லியம்ஸ். அப்போது இங்கிருந்த ஏழாம் எட்வர்ட் வைத்தியக் கல்லூரியின் ஆசிரியை. அதற்கு முன் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் பணியாற்றி, குவாஷியோர்கர் என்னும் சிசுநோயை 1933-ல் வைத்திய உலகுக்கு விவரித்தவர். பேச்சுக்கு அவர் இட்ட தலைப்பு, ‘பாலும் கொலையும்’!

இனிப்பிட்ட டின் பால் சிசுவுக்கு ஏற்ற ஆகாரமென்று பிரசாரம் செய்து, அதனால் குழந்தைகள் சாவதைக் கொலையென்றே கருதவேண்டும் என்று அவர் கூசாமல் கூறினார். அந்தப் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை; கொழுப்பெடுத்த பாலாயின், கண்ணுக்கும் எலும்புக்கும் வேண்டிய வைட்டமின்களும் இல்லை. தாதியுடை தரித்த பெண்கள் கம்பெனிகளுக்காகத் தாய்மார்களை நாடிச் சென்று அதைப் புகழ்ந்தார்கள். பொழுது விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் தாய், ஆயாக்கொட்டகையில் விட்ட குழந்தைக்கு எதை நம்பிப் புகட்டுவாள்? வெள்ளுடையைத்தான் நம்புவாள். அவ்வுடைக்குச் சம்பளம் கொடுப்பவன் யார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

யுத்தத்தில் அம்மையார் ஜப்பானியரிடம் சிறைப்பட்டுச் சாங்கியில் வாடினார். அப்பேச்சோ 1986-ல் பினாங்கில் அச்சேறிற்று. அதற்குள் கம்பெனிகளின் வழியும் மாறியிருந்தது. வெள்ளுடைப் பெண்களோடு நில்லாமல், வைத்தியர்களின் மகாநாட்டுக்கும், பிரயாணத்துக்கும், ஆராய்ச்சிக்கும் பணம் கொடுக்கலாயின.

1981-ல் உலக சுகாதார மகாசபை தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களைப் பற்றி ஒரு விதித்தொகுதியை நிறைவேற்றியது. ஆதரவு 118, எதிர்த்த வாக்கு ஒன்றே, அமெரிக்காவுடையது. ஆராய்ச்சிக்கோ பிரயாணத்துக்கோ கம்பெனி கொடுத்த தொகையை, கொடுத்தவரும் வாங்கியவரும் தெரிவிக்கவேண்டும் என்பது அதில் ஒரு விதி. யாருக்குத் தெரிவிப்பது? வைத்தியர் வேலை பார்க்கும் ஸ்தாபனத்துக்கு. தாய்க்கு அல்ல! கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இது விசித்திரமாகவே படுகிறது. தோட்டத்தில் ஒரு மண்வெட்டி வாங்கினாலும் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் கணக்கை மூட முடியாது. 2005-ல்தான் அந்த மகாசபை, அரசாங்கக் கொள்கைக்கு ஆதாரமாகக்கூடிய சிசு ஆகார ஆராய்ச்சிகளில் சொந்த லாபத் தொடர்புகளை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தியது.

இந்தியா சொல்வதோடு நிற்கவில்லை. 1992-ம் வருஷச் சட்டத்தை 2003-ல் திருத்தி, சிசு ஆகாரக் கம்பெனிகள் வைத்தியர்களுக்கோ அவர்களுடைய சங்கங்களுக்கோ கூட்டம், ஆராய்ச்சி எதற்கும் பணம் கொடுப்பதையே தடுத்துவிட்டது. இதுவே நேரான வழி என்பது என் அபிப்பிராயம். வாங்கியதைச் சொல்லிவிட்டால் வாங்கியதன் பலன் மறைந்துவிடுமா?

சிங்கப்பூரில் 2017-ல் வியாபாரப் போட்டிக் கமிஷன் பால்மா விலையை விசாரித்தது. தனியார் ஆஸ்பத்திரிகள் கம்பெனிகளிடம் உதவித்தொகை பெற்று, அவற்றின் பால்மாவை முறைவைத்துப் பிறந்த சிசுக்களுக்குக் கொடுத்துவந்தது அதில் வெளிப்பட்டது. முதலில் கொடுத்த பால்மாவை மாற்றப் பெற்றோர் தயங்குவர் என்பது கம்பெனிகளுக்குத் தெரியும். 900 கிராம் டின்னின் சராசரி விலை பத்து வருஷத்தில் 120 சதவிகிதம் ஏறி, 2016-ல் 56 வெள்ளியைத் தாண்டியிருந்தது.