சென்னையில் தோற்ற காப்புரிமை

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயைத் தூண்டும் புரதத்தைக் குறிவைத்து அடக்கும் இமாட்டினிப் என்ற மருந்து, 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் படிக வடிவம் ஒன்றுக்காக நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-லேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. 2006 ஜனவரியில் அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. காப்புரிமை இல்லையேல் ஆராய்ச்சி படுத்துவிடும் என்பது பழைய வாதம். இங்கே அது எடுபடாது. மூலக்கூறு முன்பே அறிந்ததுதான். நிறுவனம் புதிதாகக் காட்டியது, மருந்து உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேரும் என்பதை. அதனால் நோய் கூடுதலாகக் குணமாகுமா? இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு கேட்டது அதைத்தான். அதற்குச் சான்று வரவில்லை. பலருக்கு இலவசமாகவே கொடுத்தோமே என்றது நிறுவனம். உண்மைதான். ஆனால் இலவசம் கொடுப்பவர் இஷ்டம். அப்போது நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. உள்நாட்டு மாத்திரையோ சுமார் 10,000 ரூபாய்க்கே கிடைத்தது.