குளிர்நீரில் உலர் உடை: காற்றைக் கையாளப் பழகுதல்

முல்லைத்தீவிலோ மன்னாரிலோ சுழியோடுபவருக்கு உலர் உடை தேவையில்லை. ஐரோப்பாவில் நிலைமை வேறு. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரிலுள்ள ஸ்டோனி கோவ், நீர் நிரம்பிய பழைய கருங்கற் குவாரி. ஆழம் சுமார் 35 மீற்றர். குளிர்காலத்தில் நீர் 5 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நீர் உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும். அங்கேதான் நான் இந்த உடையைப் பழகினேன்.

வெட் சூட்டுக்குள் நீர் புகும். உலர் உடைக்குள் புகாது. கழுத்திலும் மணிக்கட்டுகளிலும் இறுக்கமான றப்பர் பட்டிகள் அதைத் தடுக்கும். மெல்லிய துணியால் ஆன உடைகளில், சூட்டைக் காப்பது உள்ளே போடும் தடித்த ஆடையில் தங்கும் காற்றுத்தான். பட்டிக்கு டல்கம் பவுடர் பூசித்தான் தலையை நுழைக்கலாம். நகம் பட்டால் கிழிந்துவிடும்.

10 மீற்றரில் அமுக்கம் இரண்டு மடங்கு, காற்றின் கனவளவு பாதி. உடை மேனியைக் கவ்விப் பிடிக்கும். மார்பிலுள்ள பொத்தானை அழுத்தினால் சிலிண்டர் காற்று சிறிது உள்ளே வரும். மேலெழும்போது அது விரியும். இடது மேற்கையிலுள்ள வால்வை உயர்த்திப் பிடித்து வெளியேற்றவேண்டும்.

நீச்சல் தடாகத்தில் அதிக நேரம் பிடித்தது தலைகீழாகும் நிலையைச் சமாளிப்பதுதான். காற்று கால்களுக்குப் போய்விட்டால் அவை பலூன்போல உப்பி ஆளைத் தலைகீழாக மேலே இழுக்கும். காலில் வால்வு கிடையாது. முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, உருண்டு நிமிர்ந்து, பிறகுதான் காற்றை விடலாம். பயிற்றுநர் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்வித்தார். அதன் பிறகே குவாரியில் 2 சுழியோட்டங்கள்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? வேகமாக மேலெழுந்தால் உடலில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழாகும். முள்ளந்தண்டைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கலாம். வடக்கில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்கும் எங்கள் இளைஞர்களுக்கும் இதே விதிதான். போரில் படகையும் வலையையும் இழந்து மீண்ட வீடுகளில் உழைப்பவர் முடங்கினால் தாங்காது. பயிற்சிக்குப் பணமில்லாதவரும் இதையாவது கடைப்பிடிக்கலாம்: மூச்சை அடக்காமல், நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீற்றரில் 3 நிமிடம் தரித்தல். ஆழமாகவும் நீண்ட நேரமும் இறங்குபவருக்கு அதுவும் போதாது. கரையேறியபின் மூட்டுவலியோ கால் விறைப்போ வந்தால் மீண்டும் கடலில் இறங்கித் தீர்க்க முயலவே கூடாது. தூய ஒட்சிசன் கொடுத்தபடி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.