ஒரே ரயில் பாதை, இரண்டு கேள்விகள்



போன வாரம் தம்பி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். குடோன்களிலிருந்து கடைகளுக்குச் சரக்கு அனுப்புவதைத் திட்டமிடும் வேலை அவளுக்கு. லேப்டாப்பில் எக்ஸெலைத் திறந்து 'சால்வர்' என்பதை அழுத்தினாள். எங்கிருந்து எங்கே எத்தனை லோடு என்று நொடியில் விடை வந்துவிட்டது. "இதுல நான் யோசிக்க என்ன இருக்கு பெரியப்பா?" என்றாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய வாத்தியார், விடுவேனா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இரண்டு குடோன், இரண்டு கடை. குடோனுக்கு ஒரு லோடு இருப்பு, கடைக்கு ஒரு லோடு தேவை. முதல் குடோனிலிருந்து முதல் கடைக்கு லாரி வாடகை 1,000 ரூபாய், இரண்டாம் கடைக்கு 2,000. இரண்டாம் குடோனிலிருந்து முதல் கடைக்கு 3,000, இரண்டாம் கடைக்கு 10,000. இருப்பதிலேயே மலிவான வழியை முதலில் பிடித்தால் மொத்தம் 11,000 ஆகும். மாற்றி அனுப்பினால் 5,000தான்.

இரண்டு கடைக்கு மனக்கணக்குப் போதும். அறுபது, எழுபது ஊர் என்றால்? 1930-இல் சோவியத் நாட்டில் ஏ.என். டால்ஸ்டாய் என்பவர் (நாவலாசிரியர் அல்லர்) ரயிலில் சரக்கு அனுப்ப இதே கணக்கைப் போட்டார். அனுப்பும் இடங்கள் 10, சேரும் இடங்கள் 68. கணினி இல்லாத காலம், கையாலேயே போட்டார். பிற்காலத்தில் கணினியில் சரிபார்த்தபோது, அவர் கண்டதே மிகச் சிறந்த விடை என்று தெரிந்தது!

இரண்டாம் உலகப் போரின்போது கூப்மன்ஸ் என்ற பொருளியலாளர் வாஷிங்டனில் சரக்குக் கப்பல்களுக்காக இதே வகைக் கணக்கில் இறங்கினார். 1947-இல் அமெரிக்கரான டான்ட்சிக், இப்படிப்பட்ட கணக்குகளுக்கெல்லாம் பொதுவான 'சிம்ப்ளெக்ஸ்' முறையைக் கண்டார். தம்பி மகளின் சால்வருக்குள் இன்றும் ஓடுவது அந்த முறைதான்.

இனிதான் விஷயம். 1955-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஹாரிஸ் என்ற கணித அறிஞரும் ராஸ் என்ற ஓய்வுபெற்ற ஜெனரலும் ஒரு ரகசிய அறிக்கை எழுதினார்கள். எடுத்துக்கொண்டது அதே சோவியத் ரயில் பாதைகள். அதை 44 புள்ளிகள், 105 இணைப்புகள் கொண்ட வலையாக வரைந்து, கிழக்கு ஐரோப்பாவுக்கு அதன் வழியே அதிகபட்சம் எவ்வளவு சரக்குப் போக முடியும் என்று பார்த்தார்கள். விடை 1,63,000 டன். ஆனால் அவர்கள் தேடியது வேறு: எந்தெந்த இணைப்புகளைத் துண்டித்தால் போக்குவரத்து முழுவதும் நிற்கும்? அப்படித் துண்டிக்க வேண்டிய இணைப்புகளின் மிகக் குறைந்த கொள்ளளவும் அதே 1,63,000 டன்!

இது தற்செயல் அல்ல. எந்த வலையிலும் இந்த இரண்டு எண்களும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று ஹாரிஸின் சக ஊழியர்களான ஃபோர்டும் ஃபுல்கர்சனும் நிரூபித்தார்கள். அவர்களுடைய கட்டுரை 1956-இல் வெளிவந்தது. அந்த ரகசிய அறிக்கையோ 1999-இல்தான் வெளி உலகுக்குத் தெரிந்தது.

சரக்கைச் சேர்க்க நினைத்தவருக்கும் தடுக்க நினைத்தவர்களுக்கும் கணக்கு ஒரே மாதிரி உழைத்தது. எது வேண்டும் என்று அது கேட்கவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் தம்பி மகளிடம், "கடைக்கு வேண்டியது கட்டாயம் போய்ச் சேரணும்ங்கிற நிபந்தனையை அழிச்சிட்டு, செலவைக் குறைன்னு மறுபடியும் அழுத்திப் பாரும்மா" என்றேன். அழுத்தினாள். எல்லாக் கட்டங்களிலும் பூஜ்யம் வந்தது. எதையும் அனுப்பாவிட்டால் செலவே இல்லையே! சால்வரைப் பொறுத்தவரை அது சரியான விடை.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு, மலைப்பாதையில் இருக்கும் ஒரு சின்னக் கடையின் தேவையை ஒழுங்காகப் போட்டிருக்கிறோமா என்று தேட ஆரம்பித்தாள். நான் காபி போடச் சொல்ல உள்ளே போனேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்