ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு?

எங்க தாத்தா பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கி ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். வாய் வழியாகக் கருமருந்து போட்டு, துணி திணித்து, ஈயம் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கணும். "பன்னிக்கு இது போதும், யானைக்கு ஆகாது" என்பார். ஏன்னு பிற்பாடுதான் புரிஞ்சது.

குழல் அளவை அந்தக் காலத்தில் ஈயத்தை வைத்தே சொன்னார்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 குண்டு வார்க்க முடிந்தால் 12 போர். ஒரு குண்டு 38 கிராம். நாலே குண்டு என்றால் 4 போர். ஒன்று 113 கிராம். எண் குறைந்தால் குண்டு பெருசு.

கருமருந்தை எவ்வளவு கொட்டினாலும் வேகம் ஓரளவுக்கு மேல் ஏறாது. யானையின் மண்டை எலும்பைத் துளைக்க, குண்டின் கனத்தைத்தான் கூட்டணும். இலங்கை நுவரெலியாவில் 1848-ல் பண்ணை போட வந்த சாமுவேல் பேக்கரின் பெரிய துப்பாக்கி 21 பவுண்டு எடை. 85 கிராம் குண்டு, 28 கிராம் மருந்து. மறுபடி கெட்டிக்கிற வரைக்கும் யானை நிற்குமா? அதனால், கெட்டித்த வேறு துப்பாக்கிகளோடு ஆட்கள் பின்னாடியே போவார்கள்.

ஆனால் யானையைக் குறைத்தது பேக்கர் மாதிரி ஆட்கள் மட்டுமில்லை. பயிரை அழிக்குதுன்னு, கொன்ற யானைக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848-க்கு முந்தைய மூணு வருஷத்துக்குள் 3,500 யானைகளை ஊர்க்காரர்கள் கொன்றார்கள்.

அவர்களும் என்னை மாதிரி வெள்ளாமைக்காரர்கள்தான். யானை புகுந்த வயலைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும். அதனாலதான் இந்தக் கணக்கு என்னை உறுத்துது.