விடுவதும் பிடிப்பதும்

குயிலாப்பாளையத்திலிருந்து கிழக்கே இறங்கும் சாலை, பெரியமுதலியார்சாவடியைக் கடந்தால் கடலைத் தொட்டுவிடும். நண்பரொருவர் புதிதாக வாங்கிய பந்தயப் பாய்ப்படகை அக்கரையோரம் செலுத்திப் பழகிய நாளில் நாமும் உடனிருந்தோம். இரட்டை உடல் கொண்ட படகு. ஆங்கிலத்தார் ‘கேட்டமரான்’ என்பர். கையேட்டில் கண்டபடி கயிற்றை இறுக்க இறுக்கப் படகு முன்னேறாமல் பக்கவாட்டில் ஒதுங்கியது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் பொறுக்கமாட்டாமல் குரல் கொடுத்தார்: “தம்பி, பாய் படபடன்னு அடிக்கிற வரைக்கும் கயித்த விடு. அப்புறம் அது அடங்குற வரைக்கும் பிடி. அதுக்கு மேல பிடிக்காத.”

பாயைச் சீர்செய்யும் கலை முழுவதும் இதில் அடங்கும். காற்று பாயின் இருபுறமும் வழுக்கிச் செல்லும்போதே படகு முன்னே இழுபடும். அளவுக்கு மீறி இறுக்கினால் பின்புறத்துக் காற்றோட்டம் அறுந்து, விசை பக்கவாட்டுத் தள்ளலாக வீணாகிறது.

இவ்வறிவு இக்கரைக்குப் புதிதன்று. கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், கடலில் நாவாய் செலுத்திக் காற்றையே ஏவல் கொண்டவனின் வழித்தோன்றல் என அவனைப் புகழ்கிறார் (புறநானூறு, 66). காற்றை வென்றவன் என்னாமல், அதனிடம் வேலை வாங்கியவன் என்றது கருதத்தக்கது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான ‘பெரிப்ளூஸ்’, இக்கடற்கரைத் துறைகளுள் ஒன்றாகப் ‘பொதுகே’யைக் குறிக்கிறது, மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் பெருங்கலங்களையும் சொல்கிறது. அப்பொதுகேயை, 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டோடு அறிஞர் பலர் பொருத்துவர். அரிக்கமேடு நாம் நின்ற கரைக்குச் சற்றே தெற்கே உள்ளது.

சொல்லின் பயணம் இன்னும் வியப்புக்குரியது. 1697இல் வெளியான தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அப்பெயராலேயே எழுதினார். 1876இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரெஷாஃப், ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டையுடல் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி மற்றவற்றை முந்தினார்; முறையீடு எழுந்து வெற்றி பறிக்கப்பட்டது. இரட்டையுடல் அமைப்பு பசிபிக் தீவினரின் மரபு. ஆயினும் அதற்கு ஒட்டிக்கொண்டது நம் சொல். அவ்வகையான ‘டொர்னாடோ’ 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடியது.

சொல் உலகை வலம் வந்தது. தொழில் வீட்டிலேயே நலிந்தது. விசைப்பொறியும் கண்ணாடியிழைப் படகும் பாயை மெல்ல ஒதுக்கின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த படகுகள் அவ்வொதுக்கலை விரைவுபடுத்தின. பிழைப்பையும் உயிரையும் எண்ணி மீனவர் செய்த தேர்வு அது. குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் பாயை உயர்த்தும் ‘ஆஞ்சான்’, அதன் நுனியை ஆளும் ‘தாமான்’, காற்றின் திசைபிரிக்கும் ‘கச்சான்’, ‘சோழகம்’ ஆகிய சொற்களும் உடன் ஒதுங்குகின்றன. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ போன்ற புதினங்கள் தென்கடல் வழக்கைக் காத்தன. இக்கரையின் வழக்கை யார் எழுதுவர்?

மறுபுறம், சென்னையில் பாய்ப்படகு பயின்ற நேத்ரா குமணன், டோக்கியோ ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். பந்தயக் கல்வி தமிழ்நாட்டில் உயிரோடிருக்கிறது. அது கரையின் அறிவோடு பேசவில்லை என்பதே நம் ஆதங்கம்.

அன்று நண்பர் கயிற்றை இளக்கினார். பாய் அடித்தது, சற்றே பிடித்ததும் அடங்கியது, படகு நீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. முதியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் வலைக்குக் குனிந்தார். அவர் பேரனிடம், பாய் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டோம். “இஞ்சின் தெரியும் சார்” என்றான்.