நத்தாருக்குச் சுவாமியாருக்கு என்ன கொடுப்பது?

நத்தார் நெருங்கும் வேளையில் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்றுண்டு. பிள்ளைகளுக்குப் புத்தாடை, அயலவருக்குப் பலகாரத் தட்டு எல்லாம் ஒழுங்காகிவிடும். சுவாமியாருக்கு என்ன கொடுப்பது? அண்மையில் கனடாவிலிருந்து அழைத்த நண்பரொருவரின் மகள் இதையே என்னிடம் கேட்டார். ஊரிலுள்ள பங்குத்தந்தைக்கு ஏதேனும் அனுப்ப விரும்புவதாகவும், கேக்கையும் சேட்டுத் துணியையும் தவிர வேறெதுவும் மனதில் தோன்றவில்லை என்றும் சொன்னார். பத்திரிகைக்காரனிடம் கேள்வி கேட்டால் விடைக்கு முன்னர் வரலாறுதான் வரும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லைப் போலும்.

1658 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் அவர்கள் பிறப்பித்த கட்டளையொன்று, கத்தோலிக்கக் குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கும் அவரை ஒளித்து வைப்பவருக்கும் மரண தண்டனை என்று அறிவித்தது. குருமார் வெளியேற்றப்பட்டனர். கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்குரிய வழிபாட்டிடங்களாக மாறின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வடபகுதிக் கத்தோலிக்கர் மறைவாகச் செபமாலை சொல்லியே தம் நம்பிக்கையைக் காத்துக்கொண்டனர்.

இந்த நிலையில்தான் 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் இத்தீவுக்கு வந்து சேர்ந்தார். அவருடன் வந்தவர் யோவான் என்னும் இளைஞர் ஒருவரே. கடற்பயணத்தில் பிடித்த வயிற்றுளைவு இருவரையும் வீழ்த்திவிட்டது. நோய் தெளிந்தபின் அடிகளார் கழுத்தில் ஒரு செபமாலையை வெளித்தெரியும்படி அணிந்துகொண்டு யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்பதைக் கொண்டு கத்தோலிக்கரை இனங்காண்பதே அவரது உபாயம். வாசலில் நிற்பவர் குருவானவர் என்று தெரியாமலே அவருடைய கையில் அரிசியோ கஞ்சியோ இட்டவர்கள் அந்நாளில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

பின்னர் சில்லாலை மக்கள் அவருக்கு இடங்கொடுத்தனர். 'இடங்கொடுத்தனர்' என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறோம். அந்த இடத்தின் விலை தலை என்று கட்டளை சொல்லியிருந்தது. பகலில் மறைந்திருக்க ஒரு கூரை, இரவில் அடுத்த ஊருக்கு வழிகாட்ட ஓர் ஆள், பூசைக்கு வேண்டிய பொருட்களைக் காத்துவைக்க ஒரு மூலை ஆகிய மூன்றுமே அவருக்குத் தேவைப்பட்டன. மக்கள் அவற்றையே கொடுத்தார்கள். அவர் எப்படி வாழ்கிறார் என்பதைக் கண்ணால் கண்டவர்களாகையால், என்ன கொடுப்பது என்று அவர்கள் எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1690ஐ ஒட்டிய ஒரு நத்தார் இரவில் அதன் விலையைச் செலுத்தவும் நேர்ந்தது. வான் றீட் என்னும் ஒல்லாந்த ஆணையாளரின் உத்தரவின்படி, நள்ளிரவுப் பூசைக்குக் கூடிய கத்தோலிக்கரைப் படையினர் வளைத்துக்கொண்டனர். பிடிபட்டோர் ஏறத்தாழ 300 பேர். அவர்களில் எண்மர் கடுமையாகச் சவுக்கால் அடிக்கப்பட்டனர். ஒருவர் அந்த அடியிலேயே உயிர்நீத்தார். ஏனையோர் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். அடிகளார் அகப்படவில்லை. அவரைத் தேடிப் பிடிக்க வந்த படை அவரைக் காணாமலே திரும்பியது. அவர் புத்தளத்துக்கும், 1692இல் கண்டிக்கும் சென்றார். அங்கேயும் அவருக்கு முதலில் கிடைத்தது சிறையே. ஊர்களில் குருவானவர் இல்லாத நாட்களிலும் செபம் நடத்துவதற்கென மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் நியமித்துச் சபையை ஒழுங்கு செய்தவர் அவர். 1711இல் கண்டியில் காலமான அவரை 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார்.

பிற்காலத்துக் குருமார் சிலருக்குத் தேவைப்பட்டது கூரையன்று, ஏடு. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் நம் கோவில்களில் வாசிக்கப்பட்டுவந்த வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. இருபதாம் நூற்றாண்டில் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியொன்றைத் தொடங்கினார். 1947இல் அவர் மறையும்வரை அதன் சில பகுதிகளே அச்சேறின. அப்படிப்பட்ட ஒருவருக்கு நத்தாருக்குக் கேக் கொண்டுபோனவரைவிடப் பழைய ஏட்டுச் சுவடியொன்றைக் கொண்டுபோனவரே அதிகம் வரவேற்கப்பட்டிருப்பார் என்பது என் ஊகம்.

இவ்விடத்தில் சில நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். மறைமாவட்டக் குருமார் வறுமை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. அமலமரித் தியாகிகள் போன்ற துறவற சபையினர் கொடுக்கின்றனர். ஆகவே துறவிக்குக் கொடுப்பது பெரும்பாலும் அவருடைய சபையின் பொதுச் சொத்தாகிவிடும். பங்குத்தந்தை என்ற முறையில் அவர் கையில் கொடுக்கப்படும் காணிக்கையோ, வேறுவிதமாகத் தெளிவாகாதவரை, பங்குக்கே உரியதெனக் கொள்ளப்படும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1267ஆம் சட்டம் அப்படித்தான் கூறுகிறது. அவருக்கென்றே கொடுப்பதாயின் அதை ஒரு வரியில் எழுதிவைப்பது நல்லது. அதே தொகுப்பின் 951ஆம் சட்டம், ஒரே நாளில் எத்தனை பூசை வைத்தாலும் ஒரு பூசைக்குரிய காணிக்கையையே குருவானவர் தமக்கென வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதற்கு விலக்கான ஒரே நாள் நத்தார். சட்டம் எழுதியவர்களுக்கும் அந்நாளில் மனம் சற்று இளகியிருக்கிறது!

கூரையின் கதை பின்னாளில் தலைகீழாகிவிட்டது. போர்க்காலத்தில் அடைக்கலம் தேடி ஓடியவர்கள் மக்கள். கதவைத் திறந்துவிட்டவர்கள் குருமார். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது குண்டுகள் வீழ்ந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியில் எறிகணை வீச்சுக்கு அஞ்சிய மக்கள் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் கூடினர். அங்கேயும் உயிர்கள் பலியாயின. அவர்களுடன் இருந்த பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் அம்மாதம் 20ஆம் திகதி காணாமற் போனார். அப்போது அவருக்கு வயது 34. சில்லாலை மக்கள் வைத்த கடனை வட்டியுடன் தீர்த்தவர்களின் பட்டியலில் அவர் பெயரையும் நான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் தொலைபேசியில் பொறுமையுடன் கேட்ட அந்தப் பெண், "அப்படியென்றால் நான் என்ன அனுப்புவது, அங்கிள்?" என்று மறுபடியும் ஆரம்பத்துக்கே வந்தார். எனக்கும் தெரியாது, உங்கள் கோவில் மூப்பரிடம் கேளுங்கள் என்றேன். இரண்டு நாட்களின் பின்னர் மீண்டும் அழைத்தார். பங்குக்குள் மூன்று சிற்றாலயங்கள் இருக்கின்றனவாம். நத்தார் இரவில் சுவாமியார் மூன்றுக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிய வேண்டும். மார்கழி மழை விட்டபாடில்லை. அவருடைய மழைக்கோட்டு தோளில் கிழிந்து, போன வருடம் நனைந்த உடையுடனேயே வந்து பூசை வைத்தாராம். மூப்பர் அளவையும் சொல்லிவிட்டார்.