திம்புள்ளையின் அரிசியும் கீரையும்

மலைநாட்டுக் காய்கறிக்குக் கொழும்புச் சந்தையில் என்றும் தனி மதிப்பு உண்டு. கோவா, கரட், லீக்ஸ், பீட்ரூட், நோக்கோல், போஞ்சி ஆகியன நுவரெலியாவிலிருந்தும் அதனைச் சூழ்ந்த சாரல்களிலிருந்தும் இரவோடிரவாக லொறிகளில் இறங்குகின்றன. லொறி செல்லும் பாதையின் இருமருங்கும் தேயிலை. தேயிலைக்கு நடுவே தொழிலாளர் லயங்கள். அந்த லயங்களின் அடுப்பில் அன்றாடம் வேகுவது யாது என்று நோக்கினால், சோறும் கோதுமை ரொட்டியும் சீனியிட்ட சாயத்தண்ணீருமே முதலிடம் பெறக் காண்போம். காய்கறி விளையும் மண்ணில் வாழ்வோரின் தட்டில் காய்கறி அருகியது எவ்வாறு? இதற்கு விடை மருத்துவ நூலில் பாதியும் வரலாற்றில் பாதியும் கிடக்கின்றது.

நுவரெலியாவில் மேனாட்டு வேளாண்மையை ஊன்ற முயன்றவர்களுள் சாமுவேல் பேக்கர் குறிப்பிடத்தக்கவர். பின்னாளில், 1864ஆம் ஆண்டில், ஆபிரிக்காவிலே அல்பேர்ட் ஏரியைக் கண்டு புகழடைந்தவர் இவரே. 1848ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து உழவர்களையும் கால்நடைகளையும் கப்பலேற்றி வந்து, அக்குளிர்மலையில் ஓர் ஆங்கிலக் குடியிருப்பை அமைத்தார். அக்காலத்தில் இம்மலைகளில் முளைத்த கோவாவும் கரட்டும் துரைமார் மேசைக்கு உரியனவாகவே கருதப்பட்டன.

திம்புள்ளப் பள்ளத்தாக்கில் முதலிற் காடழித்து நட்டது கோப்பி. 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியிலே தோன்றிய இலைநோய் சில பத்தாண்டுகளுக்குள் கோப்பித் தொழிலையே விழுங்கிவிட்டது. அதன் இடத்தில் தேயிலை ஏறிற்று. இம்மாற்றம் பயிரோடு நின்றுவிடவில்லை. கோப்பி பருவத்துக்குரிய பயிர்; பழம் பறித்து முடிந்ததும் பெருந்தொகையான தொழிலாளர் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துத் தம் ஊர்களுக்குத் திரும்பினர். ஊரிலே கேழ்வரகும் கம்பும் சோளமும், வேலியோரத்து முருங்கையும், கொல்லையில் தானே முளைக்கும் கீரையும் இருந்தன. வறுமை இருந்தது உண்மையே. பஞ்சம் துரத்தியே அவர்கள் கடல் கடந்தனர். ஆயினும் உண்ட நாளில் அவ்வுணவில் தவிடும் நாரும் பச்சிலையும் இருந்தன. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. கொழுந்து நிற்காதபோது அதைக் கிள்ளும் கையும் நிற்க இயலாது. ஆகவே குடும்பங்கள் லயத்தோடு நிலைத்தன; ஊர்க்கொல்லை நினைவில் மட்டும் எஞ்சியது.

1884ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அட்டனை அடைந்தது. அடுத்த ஆண்டில் நானுஓயாவை எட்டிற்று. மேலே ஏறிய வண்டியில் அரிசி மூட்டை, கீழே இறங்கிய வண்டியில் தேயிலைப் பெட்டி. தோட்டத்தார் அரிசியைக் கொடுத்துக் கூலியிற் கழித்துக்கொண்டனர். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இவ்வழக்கத்திற்குச் சட்ட உருவமே தந்தது. குறித்த விலையில் அரிசி வழங்குவது சம்பளக் கணக்கின் ஓர் அங்கமாயிற்று. தொழிலாளரைக் காக்க எழுந்த சட்டம் அது. அதனைக் குறைகூறுவது நன்றியன்று. ஆனால் அரிசிக்கு இருந்த இடம் அக்கணக்கிலே கீரைக்கும் காய்க்கும் இருக்கவில்லை. வரண்ட சீமையிலிருந்து வந்தோருக்கு நெற்சோறு முன்னர்ப் பண்டிகை உணவு. அதனை நாள்தோறும் உண்ணக் கிடைத்தது ஓர் ஏற்றமாகவே தோன்றியிருக்கும்.

அவ்வரிசி ஒருவகையில் அவர்களைக் காத்தது என்பதையும் சொல்லவேண்டும். மலாயாவிலே பெரிபெரி நோய் சீனத் தொழிலாளரிடையே பலரைக் கொன்றபோது, தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். பிராடன் என்னும் மருத்துவர் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அறிந்தோ அறியாமலோ செய்த காரியம் அது.

ஆயினும் அரிசி மட்டும் போதாது என்பதைத் தேயிலை விளையும் மற்றொரு மலை காட்டிற்று. நீலகிரியிலுள்ள குன்னூரில் ரொபேர்ட் மக்கரிசன் என்னும் ஆராய்ச்சியாளர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டி வளர்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி ஆகியன அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடை பெற்றன. சென்னை மாகாணத்து உணவை உண்டவை 155 கிராமுடன் கடைசியில் நின்றன. எலி மனிதனன்று, பாலுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் தானியத்தை மட்டும் நம்பி, பாலும் பச்சைக் காயும் கீரையும் அருகிய உணவு வயிற்றை நிரப்பினாலும் உடலை நிரப்பாது என்பது அங்கே தெளிவாயிற்று.

பின்னர் மலைநாட்டு அடுப்பில் அரிசியும் குறைந்தது. 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரவு அறுந்து, பங்கீட்டு முறை வந்தது. 1966ஆம் ஆண்டின் இறுதியில் வாரத்துக்கு நான்கு இறாத்தலாக இருந்த பங்கீட்டரிசி இரண்டு இறாத்தலாகக் குறைக்கப்பட்டது. அரிசி விட்ட இடத்தைக் கோதுமை மா பிடித்தது. விடியுமுன் பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டிய தாய்க்கு, கல்லிலே தட்டிச் சுட்டுத் துணியில் முடிந்து மலைக்கு எடுத்துச் செல்ல ரொட்டியைப்போல் வசதியானது வேறில்லை. மக்கரிசன் புகழ்ந்த சப்பாத்தி தவிடு நீங்காத கோதுமையினது. லயத்து ரொட்டியோ தீட்டிய வெள்ளை மாவினது. பெயரளவில் இரண்டும் கோதுமையே.

1973, 1974ஆம் ஆண்டுகளை மலைநாட்டு முதியோர் இன்றும் மறந்திலர். அரிசியும் மாவும் சீனியும் ஒருசேரத் தட்டுப்பட்டன. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. அக்கொடுமை அவ்வாண்டோடு முடிந்துவிட்டதா என்பதே இங்கு எண்ணத்தக்கது. நெதர்லாந்து நாட்டில் 1944–45 குளிர்காலத்தில் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது தாய்வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் ஆற்றலில் தளர்ந்திருந்தது. 1998ஆம் ஆண்டில் வெளியான செய்தி இது. கருவில் பசித்த உடல் சிறு உணவுக்கே தன்னைப் பழக்கிக்கொள்கிறது; பின்னர் மாவும் சீனியும் மிகும்போது தடுமாறுகிறது என்று ஹேல்ஸ், பார்க்கர் என்போர் 1992இல் விளக்கம் கூறினர். மலைநாட்டில் 1974இல் பிறந்தோர் இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள்.

உண்ட உணவைச் சக்தியாகவும் தசையாகவும் மாற்றும் உடற்றொழிலை அனுசேபம் என்பர். வெண்மாவும் சீனியும் விரைவாகச் செரித்துக் குருதியில் சர்க்கரையாய்ப் பாய்கின்றன. சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்க வேண்டியதாகிறது. கீரையும் காயும் முழுப்பழமும் உடன் சேர்ந்தால், அவற்றின் நார் அவ்வோட்டத்தை மந்தமாக்குகிறது. குறைந்த சக்தியில் வயிறு நிறைகிறது. அவற்றிலுள்ள பொற்றாசியம் உப்பினால் ஏறும் குருதியமுக்கத்தைத் தணிக்கிறது. கருவாட்டையும் உப்பையும் கறியாகக் கொள்ளும் வீட்டில் இக்கடைசி நன்மை பெரிது. 1997இல் அமெரிக்காவில் 459 பேரைக்கொண்டு நடந்த சோதனையில், உப்பையும் உடல் எடையையும் மாற்றாமலே, பழமும் காய்கறியும் மிகுந்த உணவு மேலமுக்கத்தைச் சராசரி 2.8 மில்லிமீற்றர் குறைத்தது. கொழுப்புக் குறைந்த பாலுணவும் சேர்ந்தபோது 5.5 குறைந்தது. பச்சிலைக் காய்கறியை மிகுதியாக உண்போருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 வீதம் குறைவு எனப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் கண்டனர். கீரை ஒன்றே காரணம் என்று அதனாற் சாதிக்க இயலாது. கீரை உண்போர் பிறவற்றிலும் கவனமுடையோராயிருத்தல் கூடும். பழச்சாற்றுக்கு இச்சிறப்பு இல்லை. பிழிந்து சீனியிட்டபின் அது மற்றொரு சீனித்தண்ணீரே.

நாளொன்றுக்கு 400 கிராம் பழமும் காய்கறியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உருளைக்கிழங்கு அக்கணக்கிற் சேராது. நுவரெலியாவில் வீடுகட்டிய உழவர் பலர் உருளைக்கிழங்கினாற் கட்டியவர்களாதலின் அவர்களுக்கு இது சற்று மனத்தாங்கலாகவே இருக்கும். 2015ஆம் ஆண்டு ஆய்வின்படி இலங்கையில் வயதுவந்தோரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் இவ்வளவை எட்டுவதில்லை. நாட்டில் நீரிழிவு 2005–06 ஆய்வில் வயதுவந்தோரிடையே 10.3 வீதமாகக் காணப்பட்டது. 2018–19இல் நடந்த வேறோர் ஆய்வு ஏறத்தாழ 23 வீதம் என்றது. தோட்டப்புறத்தில் பருமனானோர் நகரத்தைவிடக் குறைவு. அதனால் இந்நோய் துரைமார் நோய், கொழுந்து கிள்ளும் மெலிந்த உடலை அணுகாது என்னும் எண்ணம் பலரிடம் நிலைத்துவிட்டது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறக் குழந்தைகளில் ஏறத்தாழ 32 வீதத்தினர் வயதுக்குரிய உயரமின்றி இருந்தனர். நாட்டுச் சராசரி 17 வீதம். அக்குழந்தைகள் நாளை மலையேறி இறங்கும் வேலையை விட்டுக் கொழும்புக் கடையில் நின்றும் உட்கார்ந்தும் உழைக்கச் செல்வர். அப்போது மெலிந்த உடல் காவலாயிராது.

குறையெல்லாம் அறியாமை என்று தொழிலாளர் தலையில் ஏற்றுவது எளிது, நியாயமன்று. லயத்தின் பின்புறத்திலும் ஓடைக்கரையிலும் துண்டுநிலம் திருத்திக் கரட்டும் லீக்ஸும் வளர்க்கும் குடும்பங்கள் திம்புள்ளையில் நிறைய உண்டு. விளைந்ததை அவர்கள் விற்றுவிடுகின்றனர்; விற்ற காசில் மா வாங்கினால் வீடு முழுவதும் பசியாறும். அந்நிலமும் அவர்கள் பெயரில் இல்லை. 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டபோது அத்துண்டுகளும் வாடின. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது கறிச்சட்டியிலிருந்து முதலில் நீங்கியது காய்கறியே.

இதற்கிடையிலும் லயத்துப் பெண்கள் சில வழக்கங்களைக் கைவிட்டிலர். கொழுந்து மலையிலிருந்து திரும்பும்போது ஈரப்பாங்கான இடத்து வல்லாரையையும் பொன்னாங்காணியையும் மடியிற் கட்டிவருவர். பீட்ரூட்டையும் முள்ளங்கியையும் சந்தைக்கு அனுப்புமுன் இலையை அறுத்துக் கிழங்கை மட்டும் மூட்டை கட்டுகின்றனர். அறுத்தெறிந்த அவ்விலையைப் பொறுக்கி, அரிந்து, தேங்காய்ப்பூவிட்டு வறை செய்து சோற்றோடு பிசைவர். கிழங்கு கொழும்புக்குப் போய்விடுகிறது. மருத்துவர் மெச்சும் பச்சிலை, விலையில்லாப் பொருளாதலின், லயத்திலே தங்கிவிடுகிறது.